அஞ்சாவது உதை யார் கணக்கு?

டிஸ்கி: இது ஃபுட்பால் பதிவு. ஆஃப்சைடு என்றால் என்ன என்று தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். எழுதுகிறவனுக்கே அது அரைகுறைதான் :-)

போன பொங்கலுக்கு எங்கள் பக்கம், திருப்பாலைவனத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில், ஒரு டோர்னமெண்ட் நடந்தது. மணல் கிரவுண்டு. கோல் போஸ்ட் சவுக்குக் கம்பு. பின்னால் கிழிந்துபோன பழைய மீன் வலை. ஃபைனலில் எங்கள் அணி. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. எதிர் அணி அஞ்சையும் போட்டுவிட்டது. நாங்கள் நாலு போட்டிருந்தோம். அஞ்சாவது உதைக்கு எங்கள் பையன் ஒருவன் போனான். போட்டால் ஆட்டம் தொடரும். விட்டால் அங்கேயே முடிந்தது.

விட்டான். பந்து கம்புக்கு மேலே பறந்து, பின்னால் நின்ற மீன் வண்டியின் ஐஸ் பெட்டியில் 'டம்' என்று விழுந்தது. கூட்டமே சிரித்தது. யாரோ வீடியோ எடுத்து, வடிவேலு காமெடி சத்தம் சேர்த்து, வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ராத்திரிக்குள் சுத்துப்பட்டு குப்பம் எல்லாம் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் 'ஐஸ் பெட்டி'. அதற்கப்புறம் அவன் கிரவுண்டு பக்கமே வரவில்லை. காலையில் அப்பாவோடு ஏரிக்குப் போகிறான், வருகிறான், அவ்வளவுதான்.

டீக்கடை பெஞ்சில் இன்று வரை ஓடும் வசனம் இது: "பந்து நிக்குது, எதிர்ல ஒரே ஒருத்தன், இத்தாம் பெரிய கோல் போஸ்டு. இதைக்கூட அடிக்க முடியலையா? அஞ்சு வயசுப் பையன் அடிப்பான்டா."

இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் 'பந்து நிக்குது' என்ற விஷயம். பந்து நிற்பதுதானே பிரச்சினை! ஓடுகிற பந்தை உதைக்கும்போது யோசிக்க நேரம் கிடையாது. கால் தானாகப் போகும். பெனால்டியில் நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வர வேண்டும். பந்தை வைக்க வேண்டும். விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். மண்டைக்குள் என்னென்னவோ ஓடும். கோல் போஸ்ட் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், தூரம் 11 மீட்டர். பேப்பரில் பார்த்தால் சுலபம்தான். ஆனால் உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே சராசரியாக நாலில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கி, புல் தரையில், நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு. எங்கள் ஆள் வெறுங்காலில், மணலில் அடித்தான்.

நார்வேயில் கெய்ர் யோர்டெட் என்று ஒரு ஆராய்ச்சியாளர் இருக்கிறார். பெரிய போட்டிகளின் பெனால்டி ஷூட்அவுட்களை உட்கார்ந்து எண்ணியவர். இதைப் போட்டால் ஜெயிப்போம் என்ற நிலையில் அடிப்பவர்கள் 100க்கு 92 தடவை போடுகிறார்கள். இதை விட்டால் தோற்போம் என்ற நிலையில் அது சுமார் 60க்கு இறங்கிவிடுகிறது. அதே பந்து, அதே தூரம், அதே மாதிரி ஆட்டக்காரர்கள். மாறியது ஒன்றுதான்: விட்டால் என்ன ஆகும் என்ற பயம். எங்கள் பையன் நின்றது அந்த இரண்டாவது இடத்தில்.

இப்போது கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். அமெரிக்கன் ஃபுட்பால் பெயருக்குத்தான் ஃபுட்பால், பாதி நேரம் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் அதில் உதைப்பதற்கென்றே 'கிக்கர்' என்று ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் முட்டி மோதி உருளும்போது அவர் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்பார். கடைசியில் கூப்பிடுவார்கள். ஒருவர் பந்தைப் பின்னால் எறிய, இன்னொருவர் பிடித்துத் தரையில் நிறுத்த, இவர் ஓடிவந்து உதைக்க வேண்டும். எல்லாம் சுமார் 1.3 விநாடிக்குள். எதிரே பெரிய பெரிய உடம்புக்காரர்கள் பாய்ந்து வருவார்கள். பந்து போக வேண்டிய கம்பங்களுக்கு நடுவே அகலம் 18 அடி 6 அங்குலம்தான். போதாததற்கு, உதைக்கப் போகிற நேரம் பார்த்து எதிரணி கோச் 'டைம் அவுட்' கேட்பார். எதற்கு? யோசிக்கட்டும், நடுங்கட்டும் என்றுதான்!

1991 ஜனவரி 27. அவர்களுடைய மிகப் பெரிய ஆட்டமான சூப்பர் பவுல். பஃபலோ பில்ஸ் அணி நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 19-20 என்று ஒரே புள்ளி பின்னால். சில விநாடிகள்தான் பாக்கி. ஸ்காட் நார்வுட் என்ற கிக்கர் 47 கெஜ தூரத்திலிருந்து உதைத்தார். பந்து வலது பக்கம் விலகிப் போனது. கோப்பையும் போனது.

இனி நம்ம பாடத்துக்கு வருகிறேன். (பி.காம் படிக்கிறவன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?) அந்த ஆட்டம் 60 நிமிடம். அதில் 40 நிமிடத்துக்கு மேல் பந்தை வைத்திருந்தது ஜயன்ட்ஸ். அதாவது பஃபலோவின் தடுப்பு வரிசையால் பந்தைப் பிடுங்கவே முடியவில்லை. அதெல்லாம் யார் பேரில் எழுதப்பட்டது? ஒருவர் பேரிலும் இல்லை. மொத்த நஷ்டமும் நார்வுட் கணக்கில் டெபிட்!

ரோபர்டோ பாஜியோ கதை இதைவிட மோசம். 1994 உலகக் கோப்பை ஃபைனல், பிரேசிலும் இத்தாலியும். நாக்அவுட் சுற்றுகளில் மட்டும் 5 கோல் போட்டு இத்தாலியை ஃபைனல் வரை இழுத்து வந்தவர் பாஜியோ. ஷூட்அவுட்டில் அவருக்கு முன்பே பரேசி விட்டார், மசாரோ விட்டார். பாஜியோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஒரு உதை பாக்கி இருந்தது. ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருக்கும் படம் எது? இடுப்பில் கை வைத்து, தலை குனிந்து நிற்கும் பாஜியோ. வரவு 5 கோலும் அழிக்கப்பட்டு, பற்று ஒன்று மட்டும் 30 வருஷத்துக்கும் மேலாக கேரி ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கிறது. இப்படி ஒரு லெட்ஜர் எழுதிக் கொடுத்தால் எங்கள் கணக்குப்பதிவியல் சார் பேப்பரை மூஞ்சியில் எறிவார்.

போட்டவர்களின் கதை என்ன? 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் ஐ-லீக் சாம்பியன். தமிழ்நாட்டு அணி எதுவும் அதற்கு முன் தொடாத கோப்பை. ஒரே புள்ளி பின்னால் இருந்த ஈஸ்ட் பெங்கால் அதே நேரம் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மினர்வா ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி கிடைக்க, பெட்ரோ மான்சி போய் நின்றார். போட்டார். அதற்கப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, 3-1. ஈஸ்ட் பெங்காலும் அன்று ஜெயித்தது. ஆகவே டிரா ஆகியிருந்தால்கூட கோப்பை கொல்கத்தாவுக்குத்தான் போயிருக்கும். மான்சியின் அந்த உதையை உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? இருக்காது. போட்டால் 'அது பெனால்டிதானே'. அந்த சீசனில் 21 கோல் போட்டவர் அவர். அதை மட்டும் விட்டிருந்தால் அந்த 21-ம் இருந்திருக்காது, விட்டது மட்டும் இருந்திருக்கும்.

கிரிக்கெட் ஆட்களும் சிரிக்க வேண்டாம். 2018 மார்ச் 18, கொழும்பு, நிதஹாஸ் கோப்பை ஃபைனல். கடைசிப் பந்தில் தினேஷ் கார்த்திக் சிக்ஸர் அடித்து பங்களாதேஷை ஜெயித்தோம். அதே ஆட்டத்தில் இன்னொரு தமிழ்நாட்டு ஆள், விஜய் சங்கர், 19 பந்தில் 17 எடுத்தார். 18வது ஓவரில் முஸ்தாஃபிஸுர் பந்துகளைத் தொடவே முடியவில்லை. ஜெயித்த ஆட்டம் அது! ஜெயித்த பிறகும் விஜய் சங்கரை விதவிதமாக மீம் போட்டு ஓட்டினோம். அந்தக் கடைசிப் பந்து கார்த்திக்குக்குச் சரியாக மாட்டாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம்?

"கோடிக்கணக்கில் வாங்குகிறார்களே, நாலு பேச்சு கேட்டால் என்ன?" என்பார்கள். சரி, கேட்கட்டும். ஓடி வந்த விதம் தப்பு, இந்தப் பக்கம் அடித்திருக்கலாம் என்று சொல்லுங்கள், அது விமர்சனம். பட்டப்பெயர் வைப்பது விமர்சனம் இல்லை. அப்புறம் எங்கள் பையன் எத்தனை கோடி வாங்கினான்? அந்த வாரம் அவனுக்கு மிஞ்சியது டீயும் பன்னும்.

இதில் நஷ்டம் அவனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2007-ல் இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் 286 பெனால்டிகளைப் பார்த்தார்கள். 100க்கு 94 தடவை கோல்கீப்பர் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்திருக்கிறார். உண்மையில் நடுவில் நின்றால்தான் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் கணக்கு சொல்கிறது. ஏன் நிற்பதில்லை? நின்று கோல் விட்டால் 'மரம் மாதிரி நின்னான்' என்பார்கள். பாய்ந்து விட்டால் 'பாவம், முயற்சி பண்ணான்' என்பார்கள். நாலு பேர் பேச்சுக்குப் பயந்து சரியானதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். எங்கள் அணியிலும் இதேதான் நடக்கிறது. போன மாதம் ஒரு சின்ன மேட்ச் பெனால்டிக்குப் போனது. "அஞ்சாவது யாருடா?" என்று கேப்டன் கேட்டார். பதினோரு பேரும் மணலைப் பார்த்தோம். 'ஐஸ் பெட்டி' என்று சிரித்த கூட்டம் அங்கேயும் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரம் பக்கம் இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் ஏற்பாடு. தன் முறை வந்த நாளில் ஒருவர் வெறும் வலையோடு திரும்பினால் கரையில் யாராவது சிரிப்பார்களா? "காத்து சரியில்லடா", "முகத்துவாரம் அடைஞ்சு கெடக்கு, அவன் இன்னா பண்ணுவான்" என்பார்கள். அடுத்த முறையும் அவருக்கு உண்டு. யாரும் பிடுங்கமாட்டார்கள். தண்ணீரில் இவ்வளவு நியாயம் தெரிந்த ஊர், மணலுக்கு வந்ததும் எப்படி மறந்துபோகிறது?

பஃபலோ ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. தோற்ற மறுநாள் ஊர்ச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். நார்வுட் பின்னால் ஒதுங்கி நின்றார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லித்தான் கத்தியது, 'எங்களுக்கு ஸ்காட் வேண்டும்' என்று. அவர் முன்னால் வந்து, கண் கலங்கப் பேசினார். அந்த அணி அதற்கப்புறம் வரிசையாக மூன்று சூப்பர் பவுல் போய் மூன்றிலும் தோற்றது. ஆனாலும் அன்று அந்த ஊர் செய்தது எனக்குக் கோப்பையைவிடப் பெரிதாகப் படுகிறது.

இவ்வளவு பேசுகிற நான் ஒரு கணக்கை இன்னும் காட்டவில்லை. அந்த ஃபைனலின் இரண்டாம் பாதியில், வலது ஓரத்திலிருந்து ஒரு பந்து எனக்கு வந்தது. கீப்பர் கீழே விழுந்து கிடந்தான். நாலடி தூரம், காலி கோல். நான் வெளியே அடித்தேன். அது போயிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும், பெனால்டியே வந்திருக்காது. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. யாரும் எனக்குப் பெயர் வைக்கவில்லை. அந்தப் பந்தை எனக்குக் கொடுத்தது யார் தெரியுமா? அவன்தான். ராத்திரி வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்தபோது நானும் இரண்டு சிரிப்பு பொம்மை போட்டேன். அவன் இன்று வரை என் தவறைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வருகிற பொங்கல் டோர்னமெண்ட்டுக்கு எங்கள் அணி பேர் கொடுத்துவிட்டது. பெனால்டி வந்தால் அஞ்சாவது உதை என்னுடையது என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். அனேகமாக பழவேற்காடு லைட்ஹவுஸைத் தாண்டித்தான் அடிப்பேன். வந்து பாருங்கள், தாராளமாகத் திட்டுங்கள். நாளைக்குக் காலையில் ஏரிக்கரையில் அவனைப் பார்க்கப் போகிறேன். அந்தக் காலி கோலை எல்லார் முன்னாலும் என் பேரில் எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, வலது ஓரத்துக்கு ஆள் இல்லை, வாடா என்று கூப்பிடப் போகிறேன். அவன் வந்தால், தயவுசெய்து, அவனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.