சம்பளச் சீட்டை அச்சடிப்பவர் ஒருவர், பதில் சொல்பவர் யார்?

காரியாலய வேலைகளை வெளியாருக்குக் கூலிக்கு விட்டுவிடுவது இன்று எல்லா வியாபாரத்திலும் வழக்கமாகிவிட்டது. வங்கிக் கணக்கு, காப்புறுதிக் கடிதம், மின்சார பில் முதலியவற்றை அந்தந்த நிறுவனமே அச்சடித்து உறையிலிட்டு அனுப்பிய காலம் மலையேறிவிட்டது. அதற்கென்றே தனி அச்சகங்கள் தோன்றிவிட்டன. போஸ் மலேசியா கூட டேட்டாபோஸ் என்ற துணை நிறுவனத்தை வைத்து இந்தத் தொழிலை நடத்தி வந்திருக்கிறது. இதே வழக்கம் இப்போது நமது பிரிஞ்சாங் மலைக்கும் ஏறி வந்து, தொழிலாளியின் சம்பளச் சீட்டில் கை வைத்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நடப்பது இதுதான். கிராணிமார்களாகிய நாம் செக்ரோல் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். மாத முடிவில் அது கோலாலம்பூருக்குப் போகிறது. அங்கே ஓர் இயந்திரம் ஆளுக்கு ஆள் வேறு பெயரும் வேறு தொகையும் அச்சடித்து, மடித்து, ஓரத்தை ஒட்டி, தபால் எண் வாரியாகப் பிரித்துக் கட்டுகிறது. 39100 என்று எழுதிய கட்டு பிரிஞ்சாங்குக்கு வருகிறது. லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் ஏது? கட்டு தோட்ட ஆபீசுக்கு வருகிறது. நாம் பிரித்துக் கொடுக்கிறோம்.

இப்போது அடுத்த படியும் வந்துவிட்டது. 2010 ஜூலையில் சாதாரணக் கடிதத்தின் தபால் கட்டணம் 30 காசிலிருந்து 60 காசாக உயர்ந்தது. 2020 பிப்ரவரியில் வியாபாரக் கடிதங்களுக்கு அது 1 வெள்ளி 30 காசாயிற்று. உடனே அச்சடித்து அனுப்பும் நிறுவனங்களே, “காகிதம் எதற்கு? எல்லாவற்றையும் கைப்பேசியில் போட்டுவிடுகிறோம்” என்று முதலாளிகளிடம் புதுச் சரக்கை விற்கத் தொடங்கிவிட்டன. முதலில் சீட்டு ஆபீசை விட்டுப் போயிற்று. இனி தொழிலாளியின் கையை விட்டும் போகப் போகிறது.

இதில் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். கேள்வி கேட்கும் இடம் போய்விட்டது என்பதே நஷ்டம்!

ஓர் உதாரணம் பார்ப்போம். கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் சீட்டில் “இதரப் பிடித்தம் 45 வெள்ளி” என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் நம்மிடம் வந்து, “கிராணி ஐயா, இது என்ன பணம்?” என்று கேட்கிறார். சீட்டு கோலாலம்பூரிலிருந்து வந்தது என்கிறோம். அச்சடித்தவரைக் கேட்டால், “வந்த கணக்கை அடித்தோம், வேறொன்றும் அறியோம்” என்கிறார். மானேஜரைக் கேட்டால், “சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்கிறார். மூன்று வாசல் ஏறியும் ஒரு பதில் இல்லை. பால்மரம் வெட்டும் தோழருக்கும் இதே கதிதான். பால் எடையும் கட்டிப்பால் எடையும் வேலை நாளும் தனித்தனியே தெரியாமல் மொத்தத் தொகை மட்டும் சீட்டில் இருந்தால், எடை குறைந்ததா, விகிதம் குறைந்ததா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1957-இல் வந்த விதிகள், சம்பள விவரத்தை எழுத்து மூலம் தொழிலாளிக்குக் கொடுக்கும் பொறுப்பை முதலாளி மீதுதான் வைத்திருக்கின்றன, அச்சகத்தின் மீதல்ல. சட்டம் அனுமதிக்காத எதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. சம்பளப் பதிவேடுகளை ஆறு ஆண்டு காலம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று உத்தரவு இருக்கிறது. அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வந்ததா என்று பார்ப்பதற்குத் தொழிலாளியிடம் இருக்கும் ஒரே கண்ணாடி சம்பளச் சீட்டுதான். சேமநிதியும் சொக்சோவும் சரியாகப் பிடிக்கப்பட்டனவா என்பதும் அதில்தான் தெரியும். 2025 அக்டோபர் முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயமாகியிருப்பதால், நம்மோடு மலையேறும் வங்காளதேசத்துத் தோழருக்கும் அந்தச் சீட்டு அவசியமே.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, சம்பளம் எல்லாம் நாம் முகம் அறியாத ஒருவரிடம் போகின்றன. 2025 ஏப்ரலில் சிங்கப்பூரில் டோப்பான் நெக்ஸ்ட் டெக் என்ற அச்சு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்தார்கள். டிபிஎஸ் வங்கியின் சுமார் 8,200 வாடிக்கையாளரின் அறிக்கைகளும், சீன வங்கியின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த சுமார் 3,000 பேரின் விவரங்களும் ஆபத்துக்குள்ளாயின. வங்கியின் இரும்புப் பெட்டி பத்திரமாயிருந்தது, கடிதம் அச்சடித்த இடத்தில் ஓட்டை விழுந்தது! பெரிய வங்கிக்கே இந்தக் கதியென்றால் லயத்துத் தொழிலாளியின் விவரத்தைக் காப்பது யார்? 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, 2025 முதல் இப்படிப்பட்ட கூலி நிறுவனங்களையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் பெயரே தெரியாவிட்டால் சட்டத்தை எங்கே கொண்டுபோய் நீட்டுவது?

“செலவு மிச்சமாகிறது, கிராணிக்கும் வேலைச் சுமை குறைகிறது” என்று நிர்வாகம் சொல்லும். செலவு மிச்சமாவது உண்மையே. நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்லர். வேகமாகவும் பிழையின்றியும் அச்சடிக்கும் இயந்திரத்தை நாமும் வரவேற்கிறோம். ஆனால் மிச்சமான காசு முதலாளியின் பெட்டிக்கும், அலைச்சல் தொழிலாளியின் காலுக்கும், ஏச்சு கிராணியின் காதுக்கும் என்று பங்கு பிரிப்பதுதானா நியாயம்? அச்சு வேலையை யாருக்கும் கூலிக்கு விடலாம். பொறுப்பைக் கூலிக்கு விட முடியாது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: கேட்கும் தொழிலாளிக்குக் காகிதச் சீட்டு கட்டணமின்றித் தரப்பட வேண்டும். கைப்பேசி இல்லாதவரும், மலைச்சரிவில் சிக்னல் எட்டாதவரும் சம்பள விவரம் இல்லாமல் நிற்கக் கூடாது.

இரண்டு: வேலை நாள், எடை, விகிதம், ஒவ்வொரு பிடித்தத்தின் பெயர் எல்லாம் தனித்தனியே அச்சாக வேண்டும். “இதர” என்ற சொல்லே சீட்டில் இருக்கக் கூடாது.

மூன்று: பிழையைத் திருத்தும் அதிகாரம் தோட்ட ஆபீசிலேயே ஒருவருக்கு இருக்க வேண்டும். அதிகாரமில்லாத கிராணியை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிவது அழகல்ல.

நான்கு: அச்சடிக்கும் நிறுவனத்தின் பெயரையும், நமது விவரங்களைக் காக்க அது கொடுத்திருக்கும் உறுதியையும் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தோழர்களே! வெட்டுக்காட்டில் இருப்பவர்களும் ஆபீசில் இருப்பவர்களும் இந்த விஷயத்தில் இரு கட்சியல்ல. சீட்டு புரியாதபோது கிராணியைத் திட்டுவதால் பயனில்லை. தொழிலாளியை விரட்டுவதால் கிராணிக்கும் கௌரவமில்லை. வருகிற சம்பள நாளில் சீட்டை வாங்கியதும் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். புரியாத வரியின் கீழ் கோடு போட்டுச் சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். அந்தச் சீட்டுகளை ஒன்றாய்ச் சேர்த்து நிர்வாகத்தின் மேசை மேல் வைப்போம். பதில் அங்கிருந்துதான் வர வேண்டும்.