முள் வழுக்கினால் ஒரிஜினலா?

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்து என் கண்ணாடி மேசைமேல் இரண்டு வாட்ச்சுகளை வைத்தார். ஒன்று, ஆன்லைனில் யாரிடமோ 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வெளிநாட்டு ஆட்டோமேட்டிக். இன்னொன்று அவருடைய தாத்தா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா.

"பாய், இதுக்கு ஸ்ட்ராப் மட்டும் மாத்துங்க. அந்தப் பழசு திக்கித் திக்கி ஓடுது. நீங்களே வச்சுக்கிட்டு ஏதாவது குடுங்க."

வெளிநாட்டு வாட்ச் ஒரிஜினல்தானா என்று கேட்டேன். "செகண்ட் முள்ளைப் பாருங்க பாய், வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுதுல்ல? டூப்ளிகேட்டா இருந்தா டக் டக்குனு குதிக்கும்" என்றார். வீடியோவில் சொன்னார்களாம்.

திருச்சி பெரிய கடை வீதியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடத்தில் முப்பத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வழுக்கும் முள் என்றால் அசல், குதிக்கும் முள் என்றால் போலி என்ற இந்தப் பேச்சை இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். இதை நம்பிப் பணத்தைத் தொலைக்கிறார்கள். அதைவிட எனக்கு வயிற்றெரிச்சல், இதை நம்பி நல்ல வாட்ச்சைத் தூக்கி எறிவது.

முதலில் ஒன்று. பேலன்ஸ் வீல் வைத்த வாட்ச்சில், சாவி கொடுப்பதானாலும் ஆட்டோமேட்டிக்கானாலும், எந்த முள்ளும் வழுக்குவதில்லை. எல்லாமே குதிக்கின்றன.

பின்மூடியைக் கழற்றி ஐ கிளாஸ் வழியாகப் பார்த்தால் தெரியும். பேலன்ஸ் வீல் ஒரு பக்கம் சுழன்றுபோகும். ஹேர் ஸ்பிரிங் அதை இழுத்துத் திருப்பும். ஒவ்வொரு முறையும் நடுவழியில் அதன் அடியிலிருக்கும் குட்டிச் சிவப்புக் கல் பேலட்டின் கவையைத் தட்டும். பேலட் சாயும், எஸ்கேப் வீலின் ஒரு பல் விடுபடும், விடுபட்ட வேகத்தில் சக்கரம் அரைப் பல் தூரம் நகர்ந்து பேலட்டின் மறுபக்கக் கல்லில் முட்டி நின்றுவிடும். நாம் கேட்கும் 'டிக்' அதுதான். அடுத்த தட்டல் வரும்வரை எஸ்கேப் வீல், அதற்குப் பின்னாலுள்ள சக்கரங்கள், செகண்ட் முள் எல்லாம் அசையாமல் நிற்கும். கணக்குப் போட்டால் முள் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம்.

தொழில் பழகிய முதல் வருஷம், சாவியை இறக்கிவிடாமலே ஒரு வாட்ச்சின் பேலட்டைக் கழற்றிவிட்டேன். தடுக்க ஆளில்லாமல் முழுச் சாவியும் 'சர்ர்' என்று சில நொடிகளில் கொட்டித் தீர்ந்தது. அத்தா என் உச்சந்தலையில் குட்டிய குட்டு இன்றைக்கும் நினைவிருக்கிறது. என் மேசையில் ஒரு செகண்ட் முள் நிஜமாகவே வழுக்கி ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு ஏன் ஒன்று வழுக்குவதாகவும் ஒன்று திக்குவதாகவும் தெரிகிறது? அடி எண்ணிக்கைதான். ஜனதாவின் மெஷின் மணிக்கு 18,000 அடி, அதாவது நொடிக்கு ஐந்து. இப்போதைய ஆட்டோமேட்டிக்குகளில் பல 28,800, நொடிக்கு எட்டு. முள்ளின் நீளம் 12 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஐந்தடி வாட்ச்சில் அதன் நுனி ஒவ்வொரு குதிப்புக்கும் கால் மில்லிமீட்டர் நகரும். எட்டடி வாட்ச்சில் ஆறில் ஒரு பங்கு மில்லிமீட்டர், ஏறக்குறைய இரண்டு தலைமுடி கனம். அதை நம் கண் பிரித்துப் பார்ப்பதில்லை, வழுக்குகிறது என்று முடிவுகட்டிவிடுகிறது.

வேகமாக அடிப்பதில் நன்மை இல்லாமல் இல்லை. கை ஆட்டத்தில் பேலன்ஸ் தடுமாறினால் சீக்கிரம் சமாளித்துக்கொள்ளும், நேரம் சீராக நிற்கும். 1969இல் ஜெனித் கம்பெனி எல் பிரிமெரோவில் 36,000 அடி வைத்தது நொடியைப் பத்தாகப் பிரித்து அளக்கத்தான், அழகுக்காக அல்ல. ஆனால் எட்டடி வாட்ச் ஒரு வருஷத்தில் இருபத்தைந்து கோடி தடவை அடிக்கிறது. ஐந்தடி வாட்ச் பதினைந்தே முக்கால் கோடி. தேய்மானக் கணக்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி வாட்ச் நொடிக்கு ஒருமுறை குதிப்பதும் மட்டமான சரக்கு என்பதால் அல்ல. உள்ளே குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் ஒன்று வரும். அந்த ஒரு துடிப்புக்கு ஒரு தள்ளு. பேட்டரி நாள்பட வரவேண்டும் என்ற சிக்கனம் அது. சிக்கனம் வேண்டாமென்றால் குவார்ட்ஸும் வழுக்கும். 2010இல் புலோவா கொண்டுவந்த பிரிசிஷனிஸ்ட் பேட்டரி வாட்ச்சில் முள் நொடிக்குப் பதினாறு முறை நகர்கிறது. அவ்வளவு ஏன், தூக்கம் கெடக்கூடாது என்று படுக்கையறையில் மாட்டுகிறோமே, சத்தம் போடாத சுவர்க் கடிகாரம், அதன் முள் என்ன குதிக்கவா செய்கிறது? சுவிட்சர்லாந்தில் இதற்கு நேரெதிர். 1950களில் ரோலக்ஸ் ட்ரூ பீட் என்று ஒரு வாட்ச் விட்டது. சாவி மெஷினுக்குள் கூடுதலாகப் பாகங்களைச் சேர்த்து, முள் நொடிக்கு ஒரே ஒரு முறை குதிக்கும்படி செய்தார்கள். குதிக்க வைக்கக் காசு செலவழித்திருக்கிறார்கள்! அந்தத் தம்பியின் வீடியோக்காரர் அதைப் பார்த்தால் போலி என்று ஒதுக்கியிருப்பார்.

தம்பியின் முன்னாலேயே இரண்டையும் திறந்தேன். பதினெட்டாயிரத்தின் முகப்பில் பெரிய பெயர், மூடிக்குள் ஒரு முத்திரைகூட இல்லை. மூவாயிரம் ரூபாய் வாட்ச்சுகளில் நான் அடிக்கடி பார்க்கும் அதே மெஷின். டைமிங் மெஷினில் வைத்தால் அழகாக 28,800 காட்டுகிறது. எட்டடி அடிக்க இன்றைக்குப் பெரிய பரம்பரை தேவையில்லை. காசு கொடுக்குமுன் கேட்டிருக்க வேண்டியது மூடியைத் திறந்து எடுத்த ஒரு படம்.

ஜனதாவில் பதினேழு கல். எச்.எம்.டி. என்பது சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய கம்பெனி. 2016இல் அந்தப் பிரிவை மூட முடிவெடுத்துவிட்டார்கள். இந்த வாட்ச்சில் எண்ணெய் காய்ந்து கருகியிருந்தது, பேலன்ஸ் சோம்பலாக ஆடியது. ஆனால் பேலன்ஸ் ஊசி முறியவில்லை, ஹேர் ஸ்பிரிங் கோணவில்லை. ஐ கிளாஸைத் தம்பியிடமே கொடுத்து எஸ்கேப் வீலைப் பார்க்கச் சொன்னேன்.

"நின்னு நின்னு போகுது பாய்."

"இப்ப உங்க புதுசைப் பாருங்க."

கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். "இதுவும் நிக்குது" என்றார். பிறகு சர்வீஸ் கூலி எவ்வளவு என்று கேட்டு, ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார். பதினெட்டாயிரத்துக்குப் பேசாத பேரம்!

ஜனதாவைக் கழுவி, எண்ணெய் விட்டு, ஆணியில் மாட்டியிருக்கிறேன். முகப்பு மேலே பார்க்க வைத்தால் சரியாக ஓடுகிறது. நிமிர்த்தி மாட்டினால் நாளுக்கு இருபது நொடி முந்துகிறது. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.