ஏணியை எடுத்துவிட்ட லீக்

மே மாதம் வந்துவிட்டால் நம்மில் பாதிப் பேர் கணக்காய்வாளர் ஆகிவிடுகிறோம். மாமாக் கடை மேசையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருக்கும். "அவனுங்க டிரா பண்ணி, இவனுங்க ரெண்டு கோல்ல தோத்தா நாம தப்பிச்சிடலாம் மச்சான்" என்று ஒருவன் கைப்பேசியில் கூட்டிக் கழிப்பான். அந்த 'நாம' லண்டனிலோ லிவர்பூலிலோ இருக்கும் ஒரு குழு. யாரை விற்க வேண்டும், எந்த மேனேஜரை எப்போது துரத்தியிருக்க வேண்டும், எவனுடைய ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அந்த மேசைக்கு அத்துப்படி. 2023 ஜனவரியில் செல்சீ முட்ரிக்கை எட்டரை ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தபோது, அது கணக்கேட்டில் செலவைப் பரப்பிக் காட்டும் தந்திரம் என்று எனக்கு விளக்கியவன் கணக்கியல் படித்தவன் இல்லை. லோரி ஓட்டுகிறவன்.

இதைக் கிண்டல் செய்ய நான் எழுதவில்லை. "இலக்கியம் படிக்கிறவனுக்குக் காற்பந்து எதுக்கு?" என்று உதட்டைப் பிதுக்கும் பெரியவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துவராது. காற்பந்து ரசிகன் பேச்சில் உள்ள ஞாபகமும், ஆதாரம் கேட்கும் பழக்கமும், பிடித்த குழுவையே கிழித்துத் தொங்கவிடும் நேர்மையும் நம் நூல் வெளியீட்டு மேடைகளில் கிடைப்பதில்லை. அங்கே எல்லா நூலும் சாம்பியன்தான்.

என் சண்டை வேறு. இவ்வளவு தெரிந்த நாம், நம் நாட்டு லீகிலிருந்து தோற்றுக் கீழே இறங்குவது என்ற ஒன்றையே எடுத்துவிட்டபோது ஏன் வாய் திறக்கவில்லை?

கீழே இறங்குவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாமல் இல்லை. 2007 மே 13 போதும். பருவத்தின் கடைசி நாள். ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்குச் சொந்தத் திடலில் ஒரு டிரா போதும். எதிரே விகன். முதல் பாதி முடியும் தறுவாயில் விகனுக்கு ஒரு பெனால்டி. அதை அடித்தவர் டேவிட் அன்ஸ்வொர்த். அந்த ஜனவரி வரை ஷெஃபீல்ட் யுனைடெட்டில் இருந்து, 'வேண்டாம் போ' என்று விடப்பட்டவர். ஆட்டம் 2-1. அதே நேரம் ஓல்ட் டிராஃபர்டில் கார்லோஸ் தெவேஸ் ஒரு கோல் போட்டு வெஸ்ட் ஹேமைக் காப்பாற்றுகிறார். தெவேஸின் உரிமை மூன்றாம் தரப்பு ஒன்றிடம் இருந்ததை மறைத்ததற்காக வெஸ்ட் ஹேமுக்கு அதற்கு முந்தைய மாதம்தான் 55 லட்சம் பவுண்டு அபராதம். புள்ளி ஒன்றையும் வெட்டவில்லை. விகனும் ஷெஃபீல்டும் 38 புள்ளியில் நின்றன. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் ஷெஃபீல்ட் கீழே போனது. பயிற்றுநர் நீல் வார்னாக் பதவி விலகினார். பணம், சட்டம், ஒரு தப்பான டிரான்ஸ்பர், பழைய ஆளின் கால் என எல்லாம் தொண்ணூறு நிமிடத்துக்குள் வந்து நின்றன. இந்தக் கதையை நம் மேசையில் யாரைக் கேட்டாலும் சொல்வான்.

லெஸ்டர் கதையும் தெரியும். 2008-09இல் மூன்றாம் தட்டில் ஆடியது. 2016இல் இங்கிலாந்தின் சாம்பியன். ஒன்பது மாதத்தில் ரனியேரியை நீக்கினார்கள். 2023 மே 28 அன்று வெஸ்ட் ஹேமை 2-1 என வென்றும் கீழே போனது. காரணம், வேறொரு திடலில் எவர்ட்டனுக்காக டூகூரே அடித்த ஒரே கோல். அடுத்த ஆண்டு மேலே வந்தது, அதற்கடுத்த ஆண்டு திரும்பவும் கீழே. ஏணி என்றால் இதுதான். ஏறவும் வழி உண்டு, வழுக்கவும் வழி உண்டு. இறங்கும் வழியை அடைத்தால் ஏறும் வழியும் அடைபடும். மேலே இருக்கிறவன் நகராமல் கீழே இருப்பவனுக்கு ஏது இடம்?

2021 ஏப்ரலில் இதைத்தான் நாம் கத்திச் சொன்னோம். ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகள் சேர்ந்து சூப்பர் லீக் ஒன்றை அறிவித்தன. அதன் நிறுவனக் கிளப்புகள் எவ்வளவு மட்டமாக ஆடினாலும் வெளியேற வேண்டாம். செல்சீ ரசிகர்கள் தெருவில் இறங்கிச் சொந்தக் குழுவின் பேருந்தையே மறித்தார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் பின்வாங்கின. கிள்ளானிலும் ஈப்போவிலும் ஈசூனிலும் இருக்கும் நம்மாட்களும் முகநூலில் பொங்கினார்கள். 'காற்பந்து ஏழைகளின் ஆட்டம்' என்று பதாகை செய்து போட்டவர்களை எனக்குத் தெரியும். போட்டதில் தப்பில்லை, சரிதான்.

அதே ஆட்கள் வசிக்கும் நாட்டில் என்ன நடந்தது? 2022 பருவத்தோடு இரண்டாம் தட்டான பிரிமியர் லீகை நிறுத்திவிட்டு, 2023இல் சூப்பர் லீகை 14 குழுக்களோடு தொடங்கினார்கள். அந்தப் பருவத்திலும் அடுத்து வந்த 2024-25 பருவத்திலும் ஒரு குழுகூட ஆட்டத்தில் தோற்றுக் கீழே இறங்கவில்லை. இறங்க முடியாது. மேலே வர விண்ணப்பமும் உரிமமும் வேண்டும். கீழே போக வழி கிடையாது, காணாமல் போவதைத் தவிர. உச்சியிலோ 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறையும் ஜொகூர் டாருல் தக்சிம்தான் சாம்பியன். ஆக, மேலேயும் முடிவு தெரியும், கீழேயும் முடிவு தெரியும். நடுவில் எதைப் பார்க்க வா என்கிறார்கள்?

சிங்கப்பூர் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். 1994இல் மலேசிய லீகையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றுவிட்டுத் தனியே போனீர்கள். 1996இல் எட்டுக் குழுக்களோடு எஸ்.லீக் தொடங்கியது. அன்றிலிருந்து அங்கே கீழிறக்கம் கிடையாது. அதனால் கிளப்புகள் பிழைத்தனவா? ஒன்பது முறை சாம்பியனான வாரியர்ஸ், சம்பளப் பாக்கியும் கடனுமாக 2020இல் லீகை விட்டே விலகி நின்றது. கடைசி இடத்துக்கு வந்தல்ல.

தமிழ் வாசகர்களாகிய நமக்கு இதில் தனியாக ஓர் இழப்பு உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்திலிருந்து, மிஃபா என்ற பெயரில், ஒரு கிளப் எழுந்தது. கீழ்த்தட்டு லீகில் ஆடி, 2017இல் பிரிமியர் லீகுக்கு வந்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதிய பெயரோடு சூப்பர் லீகில் கால் வைத்தது. தேவனும் மணியமும் அதற்குப் பயிற்றுநர்களாக இருந்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்காமல் உள்ளூர்ப் பையன்களை நம்பி ஒரு பருவத்தைக் கடந்த குழு அது. இனப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குழுவில் எல்லா இனத்துப் பையன்களும் ஆடினார்கள். நான் சொல்வது ஏணியைப் பற்றி. படி படியாக ஏறி மேலே வர முடியும் என்பதற்கு நம் கண்முன் இருந்த சான்று அது. 2023 பருவம் தொடங்கும் முன்பே விலகிவிட்டது. அதே சமயத்தில் மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. மூன்று குழுக்கள் ஒரே மழைக்காலத்தில் போயின. அன்றிரவு நம் மேசையில் என்ன பேச்சு? கத்தார் உலகக் கிண்ணம் முடிந்ததும் ரொனால்டோ எங்கே போவார் என்ற பேச்சு.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "இங்க கிளப்புக்குக் காசே இல்ல. கீழ இறக்கினா ஸ்பான்சர் ஓடிப்போவான், கிளப் செத்துப்போகும். அமெரிக்காவில மட்டும் இறக்குறாங்களா?" லேசான வாதம் இல்லை, அதனால் லேசாக விடவும் முடியாது.

அமெரிக்காவில் கீழிறக்கம் இல்லைதான். பதிலுக்கு அங்கே சம்பள உச்சவரம்பு இருக்கிறது. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பின்தங்கிய குழுவுக்கே முதல் வாய்ப்பு. கதவை மூடினார்கள், உள்ளே இருப்பவர்களைச் சமமாக்க ஏதோ செய்தார்கள். நாம் கதவை மட்டும் மூடினோம். 'கிளப் செத்துப்போகும்' என்பதற்கோ நடந்ததே பதில். கீழிறக்கம் இல்லாத லீகிலிருந்துதான் 2025இல் கெடா உரிமம் இழந்தது. 2016இல் மலேசியக் கிண்ணம் வென்ற கெடா! 2018இல் அதே கிண்ணத்தை வென்ற பேராக் அதே 2025இல் விலகியது. ஸ்ரீ பகாங் அந்த ஆண்டு ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் ஆடியது, அடுத்த பருவத்தில் இல்லை. இறுதியாட்டம் வரை வந்த குழுவைக் கொன்றது தோல்வியா? வருமானத்துக்கு மீறிய சம்பளமும், மாநில அரசும் புரவலரும் எப்படியும் தருவார்கள் என்ற நம்பிக்கையும் கொன்றன. கீழே விழும் பயம் இல்லாத இடத்தில் வரவு செலவுப் பயமும் இருக்காது.

இன்னொன்றும் போய்விட்டது. சின்னக் குழுவை வைத்துப் பருவத்தை ஓட்டும் பயிற்றுநரின் திறமைக்கு இங்கே அளவுகோலே இல்லை. பதின்மூன்றாம் இடத்தில் கிடந்த குழுவைப் பத்தாம் இடத்துக்கு இழுத்து வந்தவர் இங்கிலாந்தில் வீரர். இங்கே பத்தும் பதின்மூன்றும் ஒன்றுதான். ராஜகோபால் 2010இல் தேசியக் குழுவுக்கு ஆசியான் கிண்ணத்தை வாங்கித் தந்தார். அவரைப் போன்ற பயிற்றுநர்கள் வளர்வது, தோற்றால் விலை உண்டு என்ற லீகில்தான்.

இதில் வேடிக்கை, நம் பணக்காரர்களுக்கு ஏணியின் அருமை தெரியும். வின்சென்ட் டான் கார்டிஃபை வாங்கி, நீலச் சட்டையைச் சிவப்பாக்கி, 2013இல் மேலே ஏற்றி, 2014இல் கீழே இறங்கினார். ரசிகர்கள் விடவில்லை. 2015இல் நீலம் திரும்பியது. டோனி பெர்னாண்டஸின் கியூபிஆர் 2013 ஜனவரியில் பணத்தைக் கொட்டி ஆள் வாங்கியும் அந்தப் பருவத்தில் கடைசி இடம். சிங்கப்பூர் பீட்டர் லிம்முக்கு வலென்சியா ரசிகர்கள் 'வீட்டுக்குப் போ' என்று பதாகை பிடித்தார்கள். காரணம் எளிது. அங்கே உரிமையாளரின் தவறு அட்டவணையில் தெரிந்துவிடும். ரசிகன் கையில் அந்த அட்டவணை ஓர் ஆயுதம். இங்கே நம் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள், நாமோ ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தோம்.

"லோக்கல் லீகை எவன் பாப்பான்?" என்று கேட்பவனிடம் எனக்குக் கோபம் இல்லை. பார்க்கத்தக்கதாக அதை வைத்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பார்க்காதவனுக்கும் கேள்வி கேட்கத் தெரியும். 2023-24இல் எவர்ட்டனுக்குப் 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கி, பிறகு இன்னும் 2 வெட்டினார்கள். அந்தத் தீர்ப்புகளை வரிவரியாகப் படித்து வாதாடிய தம்பிமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம்தான் கேட்கிறேன். ஏறுவதும் இறங்குவதும் ஆட்டத்தால் மட்டுமே நடக்கும் லீக் எந்தத் தேதியில் வரும்? சம்பளம் தராத கிளப் எது, எத்தனை மாதம் என்று ஒவ்வொரு மாதமும் ஏன் அறிவிக்கக் கூடாது? உரிமம் மறுக்கும்போது அதன் காரணம் முழுவதையும் ஏன் வெளியிடக் கூடாது? இந்த மூன்றையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். சங்கத்துக்கு எழுதுங்கள், நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களுக்கு எழுதுங்கள்.

முட்ரிக்கின் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவனுக்கு, மூன்று மாதச் சம்பளம் வராத உள்ளூர் கோல்காவலரின் ஒப்பந்தத்தையும் படிக்கத் தெரியும்.