வாத்தியார் முதலாளி ஆகலாமா?

"பாடம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருக்கு வியாபாரம் எதுக்குங்க?"

அசோக் நகர் கடைத்தெருவில் யாராவது இப்படிக் கேட்டால் அதில் தப்பில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர் கல்லாவில் போய் உட்கார்ந்தால் வகுப்பு என்ன ஆவது? நியாயமான கவலைதான்.

ஆனால் அசோகர் தூணிலிருந்து பஸ் ஏறி, கிண்டியைத் தாண்டினால் வருகிற சென்னை ஐ.ஐ.டி.யின் கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

அங்கே 1981ல் வேலைக்குச் சேர்ந்தவர் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. டெலிபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது. ஒரு இணைப்புக் கொடுக்கவே சுமார் 40 ஆயிரம் ரூபாய் செலவு பிடித்தது.

'இதைவிட நல்ல டெலிபோன் செய்வது எப்படி?' என்றுதான் மற்றவர்கள் ஆரம்பித்திருப்பார்கள். இவர் ஆரம்பித்தது விலையில்! சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகணும் என்றால் செலவு 10 ஆயிரம் ரூபாய்க்கு இறங்கணும். அதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற சாமானைத் தேடினார்.

கடைக்காரருக்கு இது பழைய பாடம். வாங்குகிறவன் பையைப் பார்த்துத்தான் அவர் சரக்கு எடுப்பார். பல்கலைக்கழகத்தில்தான் இந்தப் புத்தி அபூர்வம்.

கம்பி இழுக்காமல் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கிற 'கார்டெக்ட்' 1990களில் பிறந்தது. பேராசிரியர் செய்த இன்னொரு கெட்டிக்காரத்தனம், கம்பெனியைத் தானே கட்டி அழாமல் பழைய மாணவர்களை இறக்கிவிட்டது. மைடாஸ் கம்பெனி அப்படி வந்ததுதான். கணக்கு வழக்கைப் பையன்கள் பார்த்தார்கள். வாத்தியார் வாத்தியாராகவே இருந்தார்.

வெளிநாடுகளுக்கும் போனது கார்டெக்ட். அப்புறம்? செல்போன் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது!

சரக்கு படுத்துவிட்டதே என்று அவர் தலையில் கை வைத்து உட்காரவில்லை. 2010ல் தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கம்பெனிக்காரரும் வாத்தியாரும் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்க்கிற இடம் அது. 2024 மே 30ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் சோதனை ராக்கெட் விட்ட அக்னிகுல் கம்பெனியும் ஐ.ஐ.டி.யில் வளர்ந்ததே. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அங்குள்ள பேராசிரியர் சத்ய சக்கரவர்த்தி.

பெருமை போதும். கசப்பையும் சொல்லித்தான் ஆகணும்.

பி.எச்டி. பட்டத்துக்கு வாத்தியார் கையெழுத்து வேண்டும். அதே வாத்தியார் முதலாளியும் ஆகி, "சாயங்காலம் நம்ம கம்பெனி வேலையைக் கொஞ்சம் பாருப்பா" என்றால், முடியாது என்று சொல்லும் தைரியம் எந்த மாணவனுக்கு வரும்? கூலியும் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது!

மத்திய அரசு 2019ல் இதற்கு ஒரு கொள்கை வகுத்தது. ஆசிரியர்கள் கம்பெனி தொடங்கலாம், அதற்காக லீவும் எடுக்கலாம். ஆனால் கல்லூரி ஆராய்ச்சி வேறு, கம்பெனி வேலை வேறு என்று பிரித்துக் காட்டவேண்டும் என்கிறது அது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஐ.ஐ.டி.க்குப் பணமும் உண்டு, பேரும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழக வாத்தியார் என்ன செய்வார்? ஒரு கருவி வாங்கவே பைல் மேஜை மேஜையாக நகரணும். அதற்காகச் சும்மா இருக்கவேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டை எவ்வளவு தூரம்? லேத் பட்டறைக்காரரிடம் எந்த இடத்தில் சாமான் வீணாகிறது, எந்தப் பார்ட்டி பணம் இழுத்தடிக்கிறான் என்று மாதம் ஒருமுறை போய்க் கேட்டாலே பாதித் தொழில் கைக்கு வந்துவிடும். இதற்குக் கம்பெனியும் வேண்டாம், லீவும் வேண்டாம். 'நான் புரொபசர்' என்கிற மிடுக்கை வாசலில் விட்டுவிட்டுப் போகணும், அவ்வளவுதான்.

துணைவேந்தர்களுக்கு உடனடி வேலை ஒன்று இருக்கிறது. எந்த வாத்தியாருக்கு எந்தக் கம்பெனியில் பங்கு, வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு, மாணவன் யாரிடம் புகார் கொடுக்கணும்? இந்த மூன்றையும் எழுதி ஒவ்வொரு துறை வாசலிலும் ஒட்டட்டும். புகார் வாங்குகிறவர் அதே துறைக்காரராக இருக்கக் கூடாது.