பத்தொன்பதாம் பிறந்தநாள் பரிசு!

தோழனே!

அமெரிக்க நாட்டிலே ஒரு திட்டம் உண்டு. 1993-இல் சட்டமாகி, 1994-இல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவக் காப்பீடு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இலவசத் தடுப்பூசி! நல்ல திட்டம், பாராட்டுகிறோம். ஆனால் பத்தொன்பதாம் பிறந்தநாள் வந்ததும் கதவு சாத்தப்படும். அதுதான் ஏழை மாணவனுக்கு அரசு தரும் பிறந்தநாள் பரிசு!

பத்தொன்பது எந்த வயது? கல்லூரி விடுதியிலே ஓர் அறையில் இருவராக, ஒரு குவளையில் நால்வராகப் பழகும் வயது. மூளை உறைக் காய்ச்சல் கிருமியோ தொண்டையிலே குடியிருந்து எச்சில் வழியே தாவுவது. மருத்துவம் செய்தும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் மாள்கின்றனர். பிழைத்தவரிலும் சிலர் செவியை இழக்கின்றனர். சிலர் கால்களை இழக்கின்றனர்.

2013-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பி வகைக் கிருமி பரவிற்று. அமெரிக்காவில் அன்று உரிமம் பெறாத ஊசியைத் தனி ஒப்புதலுடன் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தார்கள். செலவைப் பல்கலைக்கழகமே ஏற்றது. செல்வம் கொழிக்கும் பிரின்ஸ்டனால் முடிந்தது. பகலில் படித்து, இரவில் தட்டுக் கழுவும் மாணவன் என்ன செய்வான்? பி வகை ஊசி ஒன்றின் விலை 200 டாலருக்கு மேல். ஒன்று போதாது, இரண்டு வேண்டும்!

"நோய் அரிது, ஊசியோ விலை மிகுந்தது" என்பர் கணக்குப் புலிகள். அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் விலை என்ன, விதியா? 2010-இல் புர்கினா ஃபாசோவில் தொடங்கி ஆப்பிரிக்க மக்களுக்குப் போடப்பட்ட ஏ வகை ஊசியின் விலை அரை டாலருக்கும் குறைவு! செய்தது நம் புனே நகரத்து ஆலை. அது வேறு மருந்து, இது வேறு மருந்து, உண்மை. ஆயினும் ஏழை வாங்கக்கூடிய விலையை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப மருந்தை ஆக்கினார்களே, அந்த நெஞ்சம் எங்கே?

2015-இல் இங்கிலாந்து டபிள்யூ வகை பெருகக் கண்டது. நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசியைப் பதின்வயதினருக்கும் கல்லூரி புகுவோருக்கும் இலவசமாக்கியது. தவறவிட்டவருக்கு 25 வயது வரை வாய்ப்பு!

அக்கரைக் கதை நமக்கெதற்கு என்கிறாயா? நம் தெருப் பிள்ளைகளும் கடன் வாங்கி அந்த விடுதிகளுக்குத்தானே செல்கிறார்கள்!

கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் நான். எனினும் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது: வயது வரம்பை உயர்த்து! அரசே மொத்தமாக வாங்கி விலையைக் குறை! சேர்க்கை நாளிலேயே ஊசி போடு! சவப்பெட்டி வந்தபின் திறக்கும் கருவூலம் யாருக்காக?