பாயைச் சுருட்டின பிறகு

ஜூன் 21 வந்தா கிரவுண்ட்ல பாய் விரிப்போம், சூரிய நமஸ்காரம் செய்வோம், குரூப் போட்டோ எடுப்போம். பாயைச் சுருட்டினதும் யோகாவும் முடிஞ்சிரும்.

மக்களே, ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தப்போ, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போன எத்தனையோ அப்பாமாரும் அண்ணன்மாரும் திரும்பி வரலை. அன்னைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைங்கதான் இன்னைக்கு காலேஜ் பெஞ்சுல இருக்காங்க. காத்து பலமா அடிச்சா முகம் மாறுற நண்பன்கிட்ட, "யோகா பண்ணு, எல்லாம் சரியாயிரும்"னு சொல்றது ஆறுதல் இல்ல.

ஆனா யோகாவில் அவனுக்கு உதவக்கூடிய ஒண்ணு இருக்கு. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்குன்னு இருப்பது மூணே சூத்திரம். ஐந்து நியமங்களில் ஒண்ணா அவர் வைச்சது ஸ்வாத்யாயம்: நூலைப் படிக்கிறது, அதோடு தன்னையும் படிக்கிறது. கடற்கரையில் பலருக்கு யோகா நம்ம சமாச்சாரம் இல்லைங்கிற தயக்கம் உண்டு. கையில் இருப்பது விவிலியமா இருந்தாலும் தன்னைப் படிக்க முடியும்.

படிக்கிறது வேற, தீர்ப்பு சொல்றது வேற. "அன்னைக்கு நான் அப்பாவைத் தடுத்திருக்கணும்" என்பது தீர்ப்பு. "காத்து சத்தம் கேட்டுது, நெஞ்சு படபடத்துது, தப்பு என்மேலன்னு ஒரு நினைப்பு வந்துது" என்பது படிப்பு. நோட்டில் தினம் இப்படி மூணு வரி எழுதினாலே, நினைப்பு வேற, நடந்தது வேறன்னு மெல்லப் புரியும்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் இருந்த 183 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. யோக மூச்சுப் பயிற்சி செய்தவங்களுக்கு ஆறு வாரத்தில் அதிர்ச்சியின் பாதிப்பும் மனச்சோர்வும் நல்லாவே குறைஞ்சது. தன்னைக் கவனிக்க மூச்சுதான் எளிய தொடக்கம்.

ஒரு எச்சரிக்கை. தனியா கண்ணை மூடி உட்கார்ந்தா சிலருக்குப் பழைய காட்சிகள் பாய்ந்து வரும். அப்போ நிறுத்திடுங்க. கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவா விடுங்க. தூக்கமே போச்சுன்னா மருத்துவரைப் பாருங்க. டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த யோகா தினத்தில் போட்டோ எடுத்த பிறகு ஒரு அரைமணி நேரம், ஒரு மனநல ஆலோசகரோடு இதற்காக ஒதுக்குவோமா? பாயை அப்புறம் சுருட்டிக்கலாம்.