பல்லுக்குள் போகும் திருகும், பல்லிலிருந்து விழும் புழுவும்

கரிசல் காட்டு ஊர்களில் சூத்தைப் பல்லிலிருந்து புழு எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகின்றவனைக் கோவில்பட்டி வட்டாரத்தார் அறியாதவர்களல்ல. கண்டங்கத்திரி விதையைப் புகைப்பான். வெள்ளையாய் எதையோ காட்டுவான். காசை வாங்கிக்கொண்டு போய்விடுவான். பல்வலி மறுநாளும் அப்படியே இருக்கும். ஏனப்பா என்றால், "உனக்கு நம்பிக்கை இல்லை" என்பான். அதாவது வலியும் நமக்கே, குற்றமும் நமக்கே!

இது இப்படியிருக்க, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2022 இல் வெளியிட்ட விஷயத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலிகாத் திருகுகளுக்கு இரும்பு பூசி, பல்லின் உள்ளேயுள்ள நுண்ணிய குழல்களில் 2000 மைக்ரோமீட்டர், அதாவது 2 மில்லிமீட்டர் ஆழம்வரை ஓட்டி, அங்கே அவற்றைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றிருக்கின்றார்கள். அக்கழகத்து அம்பரீஷ் கோஷ், பீர் ஃபிஷர் என்பவரோடு சேர்ந்து இவ்விதக் காந்தத் திருகை ஓட்டிக்காட்டி எழுதியது 2009 இல்.

உடனே சிலர், "பார்த்தீர்களா, ஜடம் தானாக ஓடுகின்றது, இதுதான் தெய்வ சக்தி" என்று கிளம்பிவிடக்கூடும். தானாகவுமில்லை, தெய்வத்தாலுமில்லை. வெளியே காந்தப் புலத்தைச் சுழற்றுகின்றார்கள்; திருகும் கூடவே சுழலுகின்றது; சுழலுகின்ற திருகு முன்னே போகின்றது. தச்சன் மரத்தில் திருகாணி ஏற்றுவது போலத்தான்.

திருகு எதற்கு? அவ்வளவு சிறிய பொருளுக்குத் தண்ணீரே கடலை மிட்டாய்க்குக் காய்ச்சும் வெல்லப்பாகு போலாகிவிடும். அதில் ஒரே விதமாய் முன்னும் பின்னும் ஆடினால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான் என்று பர்சல் என்பவர் 1977 இலேயே விளக்கியிருக்கின்றார். காரணம் தெரிந்ததனாலேயே கருவி வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெங்களூரார் இதைக் கைகண்ட மருந்து என்று சந்தையில் கூவவில்லை. பிடுங்கிய பற்களில் பார்த்தார்கள், எலிகளிடத்தில் பார்த்தார்கள், செய்த முறையை மற்றவர்களும் சோதிக்கும்படி எழுதி வைத்தார்கள். புழு எடுப்பவனோ முறையை மறைக்கின்றான். மறைப்பதில்தானே அவன் பிழைப்பு இருக்கின்றது!

ஆகவே தோழர்களே, நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அடுத்த முறை அவன் வந்தால், யாருடைய வாயும் இல்லாமல் வெறுஞ்சட்டியின்மேல் அதே விதையைப் புகைக்கச் சொல்லுங்கள். அப்போதும் "புழு" விழுமானால், அது யார் பல்லிலிருந்து விழுந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வலிக்கின்ற பல்லோடு பல் வைத்தியரிடம் போங்கள்.